எச்சில் இலைக் கணக்கு

ஒரு வீட்டில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள், நெல் சோறா களியா, மாதத்துக்கு எத்தனை தடவை எண்ணெய் வாங்குகிறார்கள் என்று விசாரித்து எழுதுவதற்காகத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டிய கேள்விகள். நான் வெட்கப்படவில்லை. இருபத்தாறு வயதில் கையில் ஒரு தோல்பையும் அதற்குள் அச்சடித்த படிவமும் இருந்தால் எதற்குமே வெட்கம் வராது.

குடியானவர்களின் நிலத்தை அடமானமாக எழுதி வாங்கிக்கொண்டு நீண்ட காலத் தவணையில் கடன் கொடுக்கும் பாங்க் அது. எந்த ஊரில் இருந்தது, என்ன பெயர் என்பதெல்லாம் இப்போது யாருக்கும் வேண்டாம். அணா போய் நயா பைசா வந்த புதிது. சந்தையில் சில்லறை கொடுக்கிறபோது இன்னும் சண்டை நடந்துகொண்டிருந்தது. எனக்குச் சூப்பர்வைசர் என்று ஒரு பெயரைக் கொடுத்து, கொல்லிமலையையும் அதன் அடிவாரத்தையும் என் தலையில் கட்டியிருந்தார்கள். மலைக்கு அப்போது ரோடு கிடையாது. நடந்துதான் ஏற வேண்டும்.

காளப்பநாயக்கன்பட்டியில் ஓர் எண்ணெய்க் கடைக்கு மேலே மாடி அறையில் குடியிருந்தேன். என் சட்டை, படுக்கை, தலையணை எல்லாவற்றிலும் கடலைப் பிண்ணாக்கு வாடை. காவிரிக்கரை ஊர் எனக்கு. அம்மா போனபின் ஊர் என்று சொல்லிக்கொள்ள அண்ணன் வீடு மட்டும்தான் இருந்தது. பொங்கலுக்கு அங்கிருந்து ஒரு கார்டு வரும். அதிலும் பாதி இடம் காலியாக இருக்கும். காலையிலும் இரவிலும் காபி கிளப்பில் சாப்பாடு. கிளப்புக்காரர் என்னிடம் ஒரு வருஷத்தில் பேசிய மொத்தப் பேச்சு, "இன்னும் சாம்பார் வேணுங்களா?" என்பதுதான். பேச ஆள் இல்லை என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அதனால் எனக்குத் தனிமை பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் மேனேஜர் கெட்டிக்காரர். கடனுக்கு மனு போட்டவர் அதைத் திருப்பிக் கட்டுவாரா மாட்டாரா என்று கண்டுபிடிக்க அவர் நிலத்தைவிட அடுப்படியைத்தான் நம்புவார். நான் வேலையில் சேர்ந்த முதல் வாரமே எதிரே உட்கார வைத்துச் சொன்னார்.

"நிலம் எங்கேயும் ஓடாதய்யா. சங்கிலி போட்டா அளந்துடலாம். வாயைத்தான் அளக்க முடியாது. கடன் கேக்கிறவன் வீட்டுலே எட்டுப் பேர் இருந்தா நாலுன்னு சொல்லுவான். நீர் போற அன்னிக்குப் பிள்ளைகளை மாமன் வீட்டுக்கு அனுப்பிடுவான். அரிசிப் பானையை ஒளிச்சுட்டுக் களிச்சட்டியை முன்னாலே வைப்பான். நீர் ஒண்ணும் கேக்காதீர். சாப்பாட்டு வேளைக்குப் போம். எல்லாரும் சாப்பிட்டு எழுந்ததும் கொல்லைப் பக்கம் ஒதுங்குகிற மாதிரிப் போய் எச்சில் இலையை எண்ணிட்டு வாரும்."

இந்த எச்சில் இலைக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. சூப்பர்வைசர்களுக்குள் நான்தான் இதில் பேர் போனவன். ஏழு என்று சொன்ன வீட்டில் பதினொரு இலையைக் கண்டுபிடித்த பெருமையை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

படிவத்தில் கணக்கு இப்படிப் போகும். வருஷ வருமானத்தில் பயிர்ச் செலவைக் கழிக்க வேண்டும். பிறகு குடும்பச் செலவைக் கழிக்க வேண்டும். குடும்பச் செலவை அவர்கள் சொல்வதை வைத்துப் போடுவதில்லை. தலைக்கு இவ்வளவு என்று பாங்கே ஒரு தொகை வைத்திருந்தது. நெல் சோறு சாப்பிடுகிற வீடு என்றால் தலைக்கு வருஷம் நூறு ரூபாய். களி, சாமைச் சோறு என்றால் அறுபது. எல்லாம் போக மிஞ்சுவதில் பாதியை அந்தக் குடும்பம் கடனுக்குக் கட்ட முடியும் என்று வைத்துக்கொள்வோம். மற்ற பாதி நோய் நொடிக்கு, கல்யாணம் கருமாதிக்கு. அந்தப் பாதிக்குள் தவணை அடங்கினால் கடன் உண்டு. அடங்காவிட்டால் இல்லை. அவ்வளவுதான்.

அந்தப் பெண்மணி ஒரு சந்தை நாளில் ஆபீசுக்கு வந்தார். மலைமேல் குண்டூர் நாடு என்கிற பகுதியில் ஒரு சின்னக் குடியிருப்பைச் சேர்ந்தவர். நாற்பது வயதிருக்கும். தோளில் ஒரு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, அது ஆபீஸ் தரையில் இருக்கலாமா கூடாதா என்று தெரியாமல் மறுபடி தூக்கித் தோளிலேயே வைத்துக்கொண்டார். பேசி முடிக்கிறவரை அது தோளிலேயே இருந்தது.

விஷயம் இதுதான். புருஷனுக்குக் காய்ச்சல் வந்து கிடையாகக் கிடந்த வருஷம் அடிவாரத்து வியாபாரி ஒருவரிடம் நிலத்தை அடமானம் வைத்துப் பணம் வாங்கியிருந்தார்கள். புருஷன் பிழைக்கவில்லை. வட்டி ஏறி ஆயிரம் ரூபாயில் வந்து நின்றது. வருகிற பங்குனி முடிவுக்குள் பணத்தைக் கட்டாவிட்டால் நிலத்தை அந்த வியாபாரிக்கே கிரயம் செய்து கொடுத்துவிட வேண்டும் என்று பத்திரத்தில் இருந்தது. நிலம் என்றால் மேட்டுக்காடு. ஏழு பலா மரம், அதில் படர்ந்த மிளகுக் கொடி, நடுவில் சாமை விதைக்க இடம். அதை விட்டால் அவருக்கு வேறு எதுவும் இல்லை.

"மொளகு நல்லாக் காய்க்குதுங்க சாமி. பாங்குல குடுத்தீங்கன்னா வருசா வருசம் கட்டிப்புடுவேனுங்க. அந்தக் காட்ட மட்டும் உட்டுறக் கூடாதுங்க. அவரு வெச்ச மரமுங்க" என்றார்.

ஆயிரம் ரூபாய்க்கு வருஷத் தவணை நூற்று நாற்பது வரும் என்று சொன்னேன். தலையை ஆட்டினார். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டேன். கேட்கக் கூடாது என்பது மேனேஜர் பாடம். இருந்தாலும் வாயில் வந்துவிட்டது.

அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "ஊடு நெறைய ஆளுங்க இருக்காங்க சாமி" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. எட்டை நாலாகக் குறைக்கிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். இவர் குறைக்கக்கூடத் தெரியாத அப்பாவி என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்போடு நிறுத்தி, ஏன் இப்படிச் சொல்கிறார் என்று இன்னும் அரை நிமிஷம் யோசித்திருக்கலாம்.

மார்கழியில் மலை ஏறினேன். முன்கூட்டிச் சொல்லாமல் போக வேண்டும் என்பது விதி. ஆனால் வழி தெரிய வேண்டுமே! முந்தின சந்தையில் மலையாள் ஒருவரிடம், இந்தக் குடியிருப்புக்கு எந்தப் பாதை, வியாழக்கிழமை போனால் ஆட்கள் காட்டில் இருப்பார்களா வீட்டில் இருப்பார்களா என்று விசாரித்தேன். அவர் அன்று சாயங்காலமே மலைக்குத் திரும்பிவிட்டார். நான் ஏறுவதற்குள் சேதி ஏறிவிட்டது.

விடிந்ததும் கிளம்பி உச்சிப் பொழுதுக்குப் போய்ச் சேர்ந்தேன். பாதையில் மூங்கில் புதரும் பாறையும் தவிர என்னோடு யாரும் வரவில்லை. நடுவழியில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபோது, இங்கே நான் உருண்டு விழுந்தால் பாங்க் இன்னொரு சூப்பர்வைசரைப் போடும், கிளப்புக்காரர் பாக்கிக்கு என் பெட்டியை எடுத்துக்கொள்வார், வேறு எதுவும் நடக்காது என்று தோன்றியது. அப்படித் தோன்றுவது எனக்கு வாடிக்கை. எழுந்து நடந்தேன்.

வீடு மூங்கில் தட்டி வைத்து மண் பூசிய கூரை வீடு. வாசல் சாணம் போட்டு மெழுகி ஈரம் காயாமல் இருந்தது. உள்ளே போனால் ஒரே கலகலப்பு. ஓர் ஆள் எழுந்து கும்பிட்டார். "எந் தம்பிங்க" என்றார் அந்தப் பெண்மணி. தம்பியின் பெண்டாட்டி அடுப்படியில் புகைக்குள் நின்று எட்டிப் பார்த்தாள். பிள்ளைகள் உள்ளேயும் வெளியேயும் ஓடிக்கொண்டிருந்தன. எத்தனை என்று எண்ணுவதற்குள் ஒன்று மறையும், இன்னொன்று வரும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் அதில் கலந்திருந்தன. எண்ணுவதை விட்டுவிட்டேன். இலை இருக்கவே இருக்கிறது.

என்னையும் தம்பியையும் முதலில் உட்கார வைத்தார்கள். வாழை இலையில் நெல் சோறு. மலையில் நெல் சோறு! கோழிக் குழம்பு, பூசணிக்காய்ப் பொரியல், உருக்கின நெய். அந்தப் பெண்மணி எனக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, இலையில் எது குறைகிறது என்று பார்த்துப் பார்த்துப் போட்டார்.

"இன்னொரு கை போடட்டுங்களா சாமி?"

"போதும்மா."

"மல ஏறி வந்திருக்கீங்க. வெறும் வவுத்தோட எறங்குனா காலு நடுங்குமுங்க. போட்டுக்கோங்க கண்ணு."

எங்கள் அம்மா என்னைக் கண்ணு என்று கூப்பிட்டதில்லை, அவள் வேறு பேர் வைத்திருந்தாள். ஆனால் சோற்றுக் கரண்டியை இலைக்கு மேலே பிடித்துக்கொண்டு, நான் கை மறிப்பதைக் கவனிக்காத மாதிரிக் கொட்டுகிறது இருக்கிறதே, அது அம்மாவின் வேலை. குழம்பு காரம் என்று சொல்லித் தண்ணீர் குடித்தேன். இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். அந்த வருஷத்தில் நான் வயிறு நிறையச் சாப்பிட்டது அன்று ஒருநாள்தான்.

கை கழுவினதும் தம்பியைக் கூட்டிக்கொண்டு நிலத்தைப் பார்க்கப் போனேன். ஏழு மரமும் நல்ல மரம். மிளகு திரண்டு தொங்கியது. வருமானம் தாராளமாக எழுதலாம். பயிர்ச் செலவு போக எண்ணூறு என்று போட்டுக்கொண்டேன். திரும்பி வந்தபோது பெண்களும் பிள்ளைகளும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். நான் கொல்லைப் பக்கம் ஒதுங்குகிற மாதிரிப் போனேன்.

வாழை மரத்தடியில் ஆறு எச்சில் இலைகள் கிடந்தன. ஒரு கோழி அவற்றைக் கிளறிக்கொண்டிருந்தது. கோழியை விரட்டிவிட்டு இன்னொரு தடவை எண்ணினேன். ஆறு.

இறங்கும்போது மனசு கனத்தது என்று சொன்னால் பொய். எனக்குக் கொஞ்சம் கோபம்தான் இருந்தது. கோழி அடித்துப் போட்டால் சலுகை கிடைக்கும் என்று நினைத்தாரோ? நான் அப்படிப்பட்டவனா? இன்னொரு கை சோறு போட்டதும் உருகிவிட்டேன் பாருங்கள், அந்த உருகலுக்காக என்மேலேயே எரிச்சல். அந்த எரிச்சலில் எண்ணெய்க் கடை மாடியில் உட்கார்ந்து படிவத்தைப் பூர்த்தி செய்தேன். நெல் சோறு. ஆறு தலை. அறுநூறு ரூபாய். எண்ணூறில் அறுநூறு போனால் மிச்சம் இருநூறு. அதில் பாதி நூறு. தவணை நூற்று நாற்பது.

கொள்ளவில்லை. எனக்கே சங்கடமாக இருந்தது. ஏதாவது ஒரு கட்டத்தைத் தளர்த்தலாமா என்று பென்சிலால் போட்டுப் பார்த்தேன். ஆனால் கோழிக் குழம்பு நினைவுக்கு வந்தது. லஞ்சத்துக்கு மசிந்தவன் ஆகிவிடக் கூடாது என்று மையிலேயே எழுதிவிட்டேன். பாங்க் டைரக்டர்களின் தை மாதக் கூட்டத்தில் மனு தள்ளுபடி ஆயிற்று. தபாலில் கடிதம் போயிற்று.

மாசியில் அந்தப் பெண்மணி ஆபீசுக்கு வந்தார். கடிதத்தைச் சுருட்டி முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். மிளகு விற்ற காசு எவ்வளவு என்று என்னிடம் சொன்னார். அது நான் மிளகு வகையில் போட்டிருந்ததைவிடக் கொஞ்சம் அதிகம். பிறகு கடிதத்தைக் காட்டி, "ஆறு பேருக்குச் செலவுன்னு போட்டிருக்குதுன்னு படிச்சவங்க சொன்னாங்க. எங்கூட்டுல ஆறு பேரு இல்லீங்க சாமி" என்றார்.

"பின்னே?"

"நானு ஒருத்திதானுங்க."

மேனேஜர் தலை நிமிர்ந்து பார்த்தார். எனக்குக் காது சுட்டது.

அந்தப் பெண்மணி நின்றபடியே சொன்னார். தம்பி என்று சொன்னது பக்கத்து வீட்டுக்காரரை. அந்தப் பெண் அவர் சம்சாரம். பிள்ளைகள் அவர்கள் பிள்ளைகள். புருஷன் போனதிலிருந்து அந்த வீட்டில் இவர் மட்டும்தான். ஒரு வேளை களி கிண்டி இரண்டு வேளை சாப்பிடுவார். அரிசியும் நெய்யும் வாங்க ஓர் ஆட்டுக்குட்டியை விற்றிருக்கிறார்.

"ஏம்மா இப்படிச் செஞ்சே?" என்றார் மேனேஜர்.

"வியாபாரிகிட்ட மொதமொதல்ல பணம் கேட்டப்ப அவரு ஊட்டுக்கு வந்து பாத்தாருங்க. அடுப்பு பொகையுதா, தானியம் இருக்குதா, ஆம்பள ஆளு இருக்குதான்னுதான் பாத்தாரு. ஆளு இருக்குற ஊட்டுக்குத்தானுங்க கடன் குடுப்பாங்க. ஒத்தையில கெடக்குறவளுக்கு யாருங்க குடுப்பாங்க? பாங்குக்காரரு வாராருன்னு கேட்டதும் ஊட்ட ஆளு நெறச்சு வெச்சேனுங்க. உண்டு உடுத்தி நல்லா இருக்குற குடும்பமுன்னு நீங்க எழுதோணும்னுதானுங்க."

மேனேஜர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. வியாபாரியிடம் கடன் வாங்கித் தந்த அதே காட்சிதான் எங்களிடம் அவருக்குக் கடனை இல்லாமல் பண்ணிவிட்டது. வீடு நிறைந்திருந்தால் வியாபாரி அதைப் பலம் என்று பார்த்தார். நாங்கள் அதைச் செலவு என்று கழித்தோம். இது மலைக்காரர்களுக்கு எப்படித் தெரியும்? எங்கள் படிவத்தை அவர்களில் யாரும் பார்த்ததுகூட இல்லை.

மேனேஜர் என்னைத் தனியே உள்ளே கூப்பிட்டார்.

"புது மனு வாங்கி, புது இன்ஸ்பெக்ஷன் போட்டுன்னா பங்குனி தாண்டிடும். ஒரே வழிதான். நீர் உம்ம ரிப்போர்ட்டிலே தலை எண்ணிக்கை தப்புன்னு ஒரு வரி எழுதிக் கொடும். இந்த மாசக் கூட்டத்திலேயே திருத்தி வெச்சுடறேன். என்ன, உம்ம பைலிலே அது ஒரு கரும்புள்ளியா நிக்கும். வேலை நிரந்தரம் ஆறது கொஞ்சம் தள்ளிப் போகும். யோசிச்சுச் சொல்லும்."

யோசிக்கத் தேவையே இல்லாத விஷயம். ஒரு வரி. ஆனால் எனக்கு அப்போது இருந்தது அந்த வேலை ஒன்றுதான். வீடு இல்லை, மனுஷர் இல்லை. எச்சில் இலையை எண்ணுவதில் சூரன் என்ற பேர் ஒன்று இருந்தது. அதைப் போய், ஒரு மலைக்காரப் பெண்மணி என்னை ஏமாற்றிவிட்டார் என்று நானே எழுதிக் கொடுப்பதா? மற்ற சூப்பர்வைசர்கள் சிரிப்பதை இங்கிருந்தே கேட்டேன்.

"நான் எண்ணினது சரிதான் சார். ஆறு இலை இருந்தது. ரெண்டு தடவை எண்ணினேன். இப்ப அவங்க மாத்திச் சொன்னா அதுக்கு நான் பொறுப்பில்லே" என்றேன்.

மேனேஜர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு வெளியே வந்து அந்தப் பெண்மணியிடம், ரிப்போர்ட்டில் ஆறு இலை என்று இருக்கிறது, அதைத் திருத்த முடியாது என்றார். அவர் என் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு நல்லதாயிருக்கும்.

"சாமி சொன்னாச் சரியாத்தான் இருக்குமுங்க. நானு எலைய எண்ணலீங்க" என்றார். மூட்டையைச் சரிசெய்துகொண்டு, "வாரேனுங்க" என்று படி இறங்கினார். மலைப்பாதை இருக்கும் பக்கம் பார்த்து நடந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கூட யாரும் இல்லை. பங்குனிக் கெடு முடிய ஒன்றரை மாதம்தான் இருந்தது.

வைகாசியில் வேறொரு மனுவுக்காக மறுபடி மலை ஏறினேன். அந்த நிலத்தைத் தாண்டித்தான் பாதை. சுற்றிக்கொண்டு போக வழி உண்டா என்று கேட்டுப் பார்த்தேன். இல்லை என்றார்கள்.

ஏழு மரத்திலும் ஆட்கள் ஏறிப் பலாப்பழம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வியாபாரியின் கணக்குப்பிள்ளை கீழே குடை பிடித்து நின்றார். இறக்கின பழத்தைச் சுமந்து பாதையோரம் கொண்டு வந்து அடுக்கும் கூலியாட்களில் அந்தப் பெண்மணியும் இருந்தார். தன் காட்டிலேயே கூலி. என்னைப் பார்த்ததும் தலைச்சுமையை இறக்கிவிட்டுக் கும்பிட்டார்.

"மல ஏறி வந்திருக்கீங்க. சாப்புட்டீங்களா சாமி?"

"ஆச்சு" என்றேன். என் முகம் அதை நம்ப வைக்கவில்லை போலிருக்கிறது. கூலியாட்கள் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரம். ஒதியமரத்து நிழலில் தூக்குச்சட்டியைத் திறந்தார். கேழ்வரகுக் களி, உப்பு, பச்சை மிளகாய். பக்கத்து வாழையில் ஓர் இலையைக் கிழித்து இரண்டாக்கினார். களியில் சரிபாதியை ஒன்றில் வைத்து என் முன்னால் தள்ளினார்.

"நெல்லுச் சோறு இல்லீங்க இன்னிக்கு" என்றார். குத்திக்காட்டவில்லை. உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

தலை குனிந்து சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்து இலையை மடித்து எடுக்கப் போனேன். அவர் பதறிப் போய் வாங்கிக்கொண்டார்.

"உடுங்க சாமி, விருந்தாடி எலைய எடுக்கக் கூடாதுங்க. அன்னிக்கும் நீங்க காடு பாக்கப் போனதும் உங்க எலைய நாந்தான் எடுத்துக் கொல்லையில போட்டேனுங்க. நல்லாச் சாப்புட்டிருந்தீங்க, ஒரு பருக்க மிச்சமில்ல. மனசு குளுந்து போச்சுங்க."

கை கழுவின தண்ணீர் விரலில் சொட்டிக்கொண்டிருந்தது. நான் மெதுவாகக் கேட்டேன்.

"அன்னைக்கு உங்க வீட்டிலே எத்தனை பேரும்மா சாப்பிட்டீங்க?"

அவர் விரல் விட்டு எண்ணினார். "பக்கத்தூட்டுக்காரரு, அவரு சம்சாரம், புள்ளைங்க ரெண்டு, நானு. அஞ்சு. சாமியோட சேத்து ஆறுங்க."

அஞ்சு பேருக்கு ஐந்நூறு. எண்ணூறில் ஐந்நூறு போக முந்நூறு. பாதி நூற்றைம்பது. தவணை நூற்று நாற்பது. இதைப் போட எனக்குக் காகிதமும் வேண்டியிருக்கவில்லை, பென்சிலும் வேண்டியிருக்கவில்லை. அவர் இரவல் வாங்கிய குடும்பத்தோடேயே, நெல் சோற்றோடேயே, கோழிக் குழம்போடேயே அந்தக் கடன் கொள்ளும். கொள்ளாமல் போனது ஆறாவது வாயால். அந்த வாய் என்னுடையது. இரண்டு தடவை சோறு வாங்கிய வாய்.

அவரிடம் அதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். "என்னுங்க சாமி, ஒடம்புக்குச் சொகமில்லீங்களா?" என்று கேட்டபோதுகூடச் சொல்லியிருக்கலாம். வெயில் என்றேன். கணக்குப்பிள்ளை கூப்பிட்டார். அந்தப் பெண்மணி சும்மாட்டைச் சரிபண்ணிக்கொண்டு பலாப்பழத்தைத் தூக்கினார். நான் என் தோல்பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டு அடுப்படியைப் பார்க்கப் போனேன்.

என் வேலை அந்த வருஷமே நிரந்தரம் ஆயிற்று. பைலில் புள்ளி எதுவும் இல்லாமல் ஓய்வு பெற்றேன். எச்சில் இலையை எண்ணுவதை மட்டும் அதற்குப் பிறகு நான் செய்யவில்லை. வீட்டில் எத்தனை பேர் என்று கேட்பேன், அவர்கள் சொன்னதை எழுதிக்கொள்வேன். இதனால் பாங்க் முழுகிப் போய்விடவில்லை.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு ஒவ்வொரு வயதில் ஒவ்வொரு காரணம் சொன்னேன். எந்த ரேஷன் கார்டிலும் என் பேரோடு இன்னொரு பேர் வந்ததில்லை. இப்போதும் அரைப்படி அரிசி எனக்கு இரண்டு நாள் வருகிறது. சாப்பிட்டு எழுந்து இலையைப் போடப் போகும்போது, அங்கே அந்த ஓர் இலையைத் தவிர வேறு எதுவும் கிடக்காது. ஒரு குடும்பத்துக் கணக்கில் நானும் ஓர் ஆளாக இருந்தது என் ஆயுளில் ஒரே ஒருநாள்தான். அன்று அந்த வீட்டில் என்னையும் ஒரு தலையாக எழுதியவன் நானே. அதைச் செலவு என்ற கட்டத்தில் எழுதினேன்.